சிறுநீரில் போதைப்பொருளைக் கண்டறிதல்: மாதிரிக் குப்பி முதல் உறுதிச் சோதனை வரை

பெங்களூரின் ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்கும், நகரின் மற்ற போதை மீட்பு மையங்களுக்கும் கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வருகின்றன. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தலைமுறைகளாக வாழ்பவர்களும் வருகிறார்கள். சிறுநீர்ச் சோதனை அறிக்கையைக் கையில் பிடித்தபடி அவர்களில் பலர் கேட்பது ஒரே கேள்விதான்: "பாசிட்டிவ்னு போட்டிருக்கே சார், அப்போ என் பையன் எடுத்தது நிசந்தானா?" அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லும் உரிமை ஆய்வகத்துக்கு எந்தக் கட்டத்தில் கிடைக்கிறது என்பதைப் படிப்படியாக விளக்குவதே இந்த வழிகாட்டியின் நோக்கம். இந்நகரத்து ஆய்வகங்களில் புதிதாகப் பணியில் சேரும் தமிழ் இளைஞர்களை மனத்தில் வைத்து எழுதினாலும், அறிக்கையைப் படிக்க வேண்டிய நிலையில் இருக்கும் குடும்பத்தாருக்கும் இதன் பெரும்பகுதி புரியும் என்று நம்புகிறேன்.

எதைத் தேடுகிறோம்

சிறுநீரில் நாம் தேடுவது பெரும்பாலும் உட்கொண்ட பொருளை அல்ல. கல்லீரல் அதை மாற்றியமைத்து வெளியேற்றும் வளர்சிதைப் பொருளையே தேடுகிறோம். கஞ்சாவின் போதை தரும் கூறான டி.எச்.சி. சிறுநீரில் அப்படியே வருவது மிக அரிது. அதன் கார்பாக்சிலிக் அமில வடிவமே வருகிறது. கோகைன் பென்சாயில்எக்கோனினாக மாறி வருகிறது. ஹெராயின் உடலுக்குள் போன சில நிமிடங்களில் 6-அசிட்டைல்மார்பினாகவும், பிறகு மார்பினாகவும் மாறிவிடுகிறது. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரப்படும் டையசிப்பாம் மாத்திரை நார்டையசிப்பாம் வழியாக ஆக்சசிப்பாமாக முடிகிறது. இந்தப் பாதைகளை மனப்பாடமாக அறிந்திருக்காதவர், கருவி தரும் எண்ணை எவ்வளவு துல்லியமாகப் படித்தாலும் அதன் பொருளைத் தவறவிடுவார்.

எவ்வளவு நாள் தெரியும் என்பதும் பொருளுக்குப் பொருள் வேறுபடும். 6-அசிட்டைல்மார்பின் ஒரு நாளுக்குள் மறைந்துவிடும். மார்பின், ஊக்கப் போதைப்பொருளான ஆம்பெட்டமின், கோகைனின் வளர்சிதைப் பொருள் ஆகியவை சுமார் 2 முதல் 4 நாட்கள் வரை தெரியும். கஞ்சா கொழுப்பில் தங்குவதால், ஒருமுறை புகைத்தவரிடம் ஏறத்தாழ 3 நாட்களும், பல மாதங்கள் நாள்தோறும் புகைத்தவரிடம் 30 நாட்களுக்கு மேலும் கூடத் தெரியலாம். ஆகவே சிறுநீர்ச் சோதனை சொல்வது, அண்மையில் இந்தப் பொருள் உடலுக்குள் சென்றது என்பதை மட்டுமே. எவ்வளவு எடுத்தார், எந்த நேரத்தில் எடுத்தார், மாதிரி கொடுத்தபோது போதையில் இருந்தாரா என்ற மூன்று கேள்விகளுக்கும் சிறுநீரில் விடை இல்லை. வண்டி ஓட்டியபோது போதையில் இருந்தாரா என்று சிறுநீரை அனுப்பிக் கேட்பவர்களுக்கு இதைப் பொறுமையாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்கு இரத்தம் தேவை.

மாதிரியைப் பெறுதல்

முதல் வேலை குப்பியைத் தொடுவது அல்ல, பேசுவது. ஒப்புதல் படிவம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருக்கும் இடங்களில், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒருவர் எதற்குக் கையெழுத்திடுகிறோம் என்று தெரியாமலேயே கையெழுத்திடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவருடைய மொழியில், எந்தப் பொருட்களைத் தேடப் போகிறோம், முடிவு யாரிடம் போகும் என்று விளக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருள் தொடர்பான மனநிலைகளையும் தன் வரையறைக்குள் வைத்து, சிகிச்சை பெறுபவரின் தகவல் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமை ஆய்வக மேசையிலிருந்தே தொடங்குகிறது.

அடுத்து, கடந்த ஒரு மாதத்தில் சாப்பிட்ட மருந்துகளின் பட்டியல். "மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சளி மருந்தையும் இருமல் சிரப்பையும் யாரும் மருந்தாகவே எண்ணுவதில்லை. அதனால் "சளிக்கு, தூக்கத்துக்கு, முதுகுவலிக்கு, அல்சருக்கு" என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இந்தப் பட்டியலை மாதிரி எடுக்கும் முன்பே எழுதி வைப்பது நல்லது; முடிவு வந்தபின் எழுதப்படும் பட்டியலுக்கு மதிப்புக் குறைவு.

மாதிரியை வழிமுறைப்படி இரண்டு குப்பிகளாகப் பிரிக்க வேண்டும். அமெரிக்க அரசுப் பணியாளர் சோதனை விதிகள் 45 மில்லிலிட்டரைப் பெற்று 30, 15 எனப் பிரிக்கச் சொல்கின்றன. முதல் குப்பி சோதனைக்கு. இரண்டாவது குப்பி, பின்னால் எழும் மறுப்புக்கு. மாதிரி கொடுத்தவரின் கண்முன்னே முத்திரையை ஒட்டி, அவரையே கையெழுத்திடச் செய்து, அந்தக் குப்பி யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது போனது என்பதை ஒவ்வொரு மாற்றத்திலும் எழுதி வைக்க வேண்டும். சிகிச்சைக்கான சோதனையில் இது மிகையாகத் தோன்றலாம். ஆனால் இன்று சிகிச்சைக்காக எடுத்த மாதிரி நாளை வேலை தொடர்பான தகராறிலோ வழக்கிலோ போய் நிற்காது என்று எவரும் உறுதி கூற முடியாது.

இது சோதிக்கத் தக்க சிறுநீர்தானா

போதைப்பொருளைத் தேடுவதற்கு முன் குப்பியில் இருப்பது இயல்பான மனிதச் சிறுநீர்தானா என்று பார்க்க வேண்டும். கொடுத்த 4 நிமிடங்களுக்குள் அதன் வெப்பநிலை 32 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். பிறகு கிரியாட்டினின் (தசையிலிருந்து உருவாகிச் சிறுநீரில் வெளியேறும் கழிவுப்பொருள்), ஒப்படர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி), கார அமிலத் தன்மை, நைட்ரைட் முதலான ஆக்சிஜனேற்றிகள் ஆகியவற்றை அளக்கிறோம். கிரியாட்டினின் ஒரு டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழும் ஒப்படர்த்தி 1.003-க்குக் கீழும் இருந்தால் அது நீர்த்த மாதிரி. கிரியாட்டினின் 2-க்கும் கீழே போய், ஒப்படர்த்தியும் பொருந்தாமல் இருந்தால் அது மனித உடலிலிருந்து வந்த சிறுநீர் என்று ஏற்க முடியாது. நைட்ரைட் ஒரு மில்லிலிட்டருக்கு 500 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஏதோ கலக்கப்பட்டிருக்கிறது. சிறுநீர்த் தொற்றால் அந்த அளவு வராது.

நீர்த்த மாதிரி என்றதும் ஏமாற்று என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சோதனைக்கு வந்த பதற்றத்தில் இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்தவருக்கும், நீர்போக்கு மாத்திரை சாப்பிடும் முதியவருக்கும் சிறுநீர் நீர்த்துத்தான் இருக்கும். இன்னொரு நாள் காலை முதல் சிறுநீரை வாங்குவதே சரியான வழி.

முதற்கட்டச் சோதனை

முதற்கட்டச் சோதனைகள் எல்லாமே எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, என்னும் புரதத்தை நம்பி நிற்கின்றன. 1950-களின் இறுதியில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் இன்சுலினை அளக்கக் கதிரியக்கத்தோடு இணைத்து உருவாக்கிய முறையே இவற்றின் மூதாதை. யாலோவுக்கு 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1970 வாக்கில் அதே கருத்து மார்பினைக் கண்டறியவும் பயன்படுத்தப்பட்டது.

பெரும்பாலான மையங்களில் இருப்பது ஸ்ட்ரிப், அல்லது பல ஸ்ட்ரிப்புகள் பதித்த அட்டை. அது போட்டி முறையில் இயங்குகிறது. சோதனைக் கோடு இருக்கும் இடத்தில் போதைப்பொருள் மூலக்கூறு ஒரு புரதத்தோடு பிணைத்து நிலையாக ஒட்டப்பட்டிருக்கும். நுண்ணிய தங்கத் துகள் பூசிய ஆன்டிபாடி சிறுநீரோடு சேர்ந்து அந்த இடம் நோக்கி நகரும். சிறுநீரில் போதைப்பொருள் போதிய அளவில் இருந்தால் அது ஆன்டிபாடியின் பிடிமான இடங்களை வழியிலேயே நிரப்பிவிடும். நிரம்பிப்போன ஆன்டிபாடியால் கோட்டில் ஒட்ட முடியாது, கோடு தோன்றாது. ஆகவே கோடு இல்லையென்றால் பாசிட்டிவ்; கோடு இருந்தால் நெகட்டிவ். கர்ப்பச் சோதனை அட்டையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தலைகீழ். மங்கலான கோடும் நெகட்டிவ்தான் என்பதைப் புதியவர்களுக்கு நான் ஒவ்வொரு முறையும் அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் மங்கலைப் பார்த்து "கொஞ்சம் இருக்கிறது" என்று எழுதும் பழக்கம் எளிதில் தொற்றிக்கொள்கிறது. அட்டை சரியாக இயங்கியதைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு வரவில்லையென்றால் அந்த அட்டை செல்லாது. தயாரிப்பாளர் குறித்த நேரத்துக்குள் படிக்க வேண்டும். ஊற்றி வைத்துவிட்டுத் தேநீர் குடித்து வந்து பார்க்கும் அட்டைக்கு எந்த மதிப்பும் இல்லை.

பெரிய ஆய்வகங்களில் தானியங்கிக் கருவி இதைச் செய்கிறது. எமிட் முறையில், போதைப்பொருள் மூலக்கூறோடு குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டீஹைட்ரோஜினேஸ் என்ற நொதி இணைக்கப்பட்டிருக்கும். ஆன்டிபாடி அதைப் பற்றியிருக்கும்வரை நொதி முடங்கிக் கிடக்கும். சிறுநீரில் இருக்கும் போதைப்பொருள் அந்த ஆன்டிபாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டால் நொதி விடுபட்டு வேலை செய்யும். அப்போது உருவாகும் என்.ஏ.டி.எச்.-ஐ 340 நானோமீட்டர் ஒளியில் அளக்கிறோம். சீடியா, கிம்ஸ், எலைசா ஆகிய மற்ற முறைகளும் இதே போட்டியை வேறு வேறு அடையாளப் பொருட்களைக் கொண்டு நடத்துபவையே. சிலிக்கா பூசிய தகட்டில் பொருட்களைப் பிரித்து, வண்ணமூட்டியைத் தெளித்துப் பார்க்கும் மெல்லடுக்கு முறை ஒரு காலத்தில் முதன்மை முறையாக இருந்தது. செலவு குறைவு என்றாலும் அதன் உணர்திறன் போதாது.

ஒவ்வொரு சோதனைக்கும் கட்-ஆஃப் எனப்படும் வரம்பளவு உண்டு. மேலே சொன்ன அமெரிக்க விதிகளில் கஞ்சாவுக்கு முதற்கட்ட வரம்பு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம், உறுதிச் சோதனைக்கு 15. கோகைனுக்கு 150, 100. ஆம்பெட்டமினுக்கு 500, 250. 6-அசிட்டைல்மார்பினுக்கு இரண்டு கட்டத்திலும் 10. வரம்பை 25 விழுக்காடு கீழும் மேலும் தொடும் கட்டுப்பாட்டு மாதிரிகளை ஒவ்வொரு தொகுதியோடும் ஓட்டி, கீழுள்ளது நெகட்டிவ் என்றும் மேலுள்ளது பாசிட்டிவ் என்றும் வந்தால்தான் அந்தத் தொகுதியை ஏற்கலாம். வரம்புக்குக் கீழே இருப்பது "இல்லை" ஆகாது. "இந்த வரம்பில் கண்டறியப்படவில்லை" என்பதே அதன் பொருள்.

ஆன்டிபாடி எங்கே தவறுகிறது

இந்தப் பகுதிக்காகத்தான் நான் இந்த வழிகாட்டியையே எழுதத் தொடங்கினேன். ஆன்டிபாடி ஒரு பொருளை அதன் பெயரால் அறிவதில்லை, வடிவத்தால் அறிகிறது. வடிவம் ஒத்தால் வேற்றுப் பொருளையும் பற்றிக்கொள்ளும். சளி மருந்திலுள்ள சூடோஎபெட்ரின், இரத்த அழுத்தத்துக்கான லேபட்டலால், அல்சருக்கான ரானிடிடின், மனச்சோர்வுக்கான புப்ரோபியான் ஆகியவை ஆம்பெட்டமின் சோதனையில் பொய்யான பாசிட்டிவ் தந்திருக்கின்றன. லிவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் ஆகிய ஆன்டிபயாட்டிக்குகள் ஓபியேட் (மார்பின், கோடீன் போன்ற அபினி வகைப் பொருள்) சோதனையைக் குழப்புகின்றன.

காசநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓர் இளைஞரின் மாதிரி, அவர் வேலை பார்த்த இடத்தின் வழியாக எங்களிடம் வந்தது. வேறொரு இடத்தில் எடுத்த முதற்கட்டச் சோதனையில் ஓபியேட் பாசிட்டிவ் என்று வந்ததும், உறுதிச் சோதனைக்குக் காத்திராமல் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்கு அப்படித்தான் இருக்கும், அந்த மருந்து சில வகைக் கருவிகளில் ஓபியேட் என்று தோற்றம் காட்டுவதும் தெரிந்த செய்திதான். உறுதிச் சோதனையில் மார்பினும் இல்லை, கோடீனும் இல்லை. மருந்துப் பட்டியலை ஒருவர் கேட்டு எழுதியிருந்தால் இந்த அநீதி நேர்ந்திருக்காது. அன்றிலிருந்து, உறுதி செய்யப்படாத பாசிட்டிவை முடிவாக அறிவிக்க நான் உடன்படுவதில்லை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சாதாரண ஓபியேட் ஸ்ட்ரிப் மார்பினை மட்டுமே குறிவைத்துச் செய்யப்பட்டது. நம் நாட்டில் தவறாகப் பயன்படுத்தப்படும் ஓபியாய்டு மருந்துகளான டிரமடால், டாபென்டடால், பியூப்ரினார்ஃபின், பென்டசோசின் ஆகியவற்றில் எதையும் அது நம்பத்தக்க வகையில் காட்டாது. ஊசி போட்டுக்கொள்வது கண்ணால் தெரிந்தும் "ஓபியேட் நெகட்டிவ்" என்று அறிக்கை வந்து குடும்பம் குழம்புவது இதனால்தான். அதேபோல் பல பென்சோடையசிபைன் (டையசிப்பாம் வகை மாத்திரைகள்) சோதனைகள் ஆக்சசிப்பாமை அளவுகோலாகக் கொண்டவை. இங்கே பரவலாக எழுதித் தரப்படும் லோரசிப்பாமையும் குளோனசிப்பாமையும் அவை எளிதில் தவறவிடும். தேட வேண்டியது எது என்று மருத்துவர் எழுதாவிட்டால் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுவிடுங்கள்.

இனி கசகசா. பெங்களூரில் இருக்கும் நமக்கு இது புத்தகச் செய்தி அல்ல. நம் வீட்டுக் குருமாவிலும், இந்த ஊர்க் கல்யாணப் பந்தியின் கசகசே பாயசத்திலும் அரைபடும் அந்த விதை, அபினி தரும் அதே செடியின் விதை. அதன் மேற்புறத்தில் ஒட்டியிருக்கும் மார்பினும் கோடீனும் கழுவும்போதும் சமைக்கும்போதும் குறைந்தாலும் முழுதும் போய்விடுவதில்லை. 300 நானோகிராம் வரம்புள்ள ஸ்ட்ரிப்பில் பாயசம் சாப்பிட்டவர் பாசிட்டிவ் ஆவது நடக்கக்கூடியதே. அதனால்தான் அமெரிக்காவில் அந்த வரம்பை 1998-இல் 300-லிருந்து 2000-க்கு உயர்த்தினார்கள். இங்கே கிடைக்கும் அட்டைகளில் பலவும் இன்னும் 300 வரம்புள்ளவை. உறையில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். 6-அசிட்டைல்மார்பின் கிடைத்தால் அது ஹெராயின்தான், கசகசாவால் அது வராது. கிடைக்காவிட்டால் ஹெராயின் இல்லை என்று சொல்ல முடியாது, அது ஒரு நாளில் மறைந்துவிடும் பொருள். அந்தச் செடியிலுள்ள இன்னொரு பொருளான தீபெய்ன் கிடைத்தால், விதை சாப்பிட்டிருக்கலாம் என்று கருதலாம். ஆனால் அபினியிலும் தீபெய்ன் உண்டு என்பதால், கசகசாவையும் அபினியையும் பிரிக்க அது உதவாது.

உறுதிச் சோதனை

உறுதிச் சோதனை என்பது முதல் சோதனையைத் திரும்பச் செய்வது அல்ல; முற்றிலும் வேறு தத்துவத்தில் இயங்கும் சோதனையைச் செய்வது. வாயு நிறப்பிரிகையோடு நிறைமானியை இணைத்த ஜி.சி.-எம்.எஸ். கருவியோ, திரவ நிறப்பிரிகையோடு இரட்டை நிறைமானியை இணைத்த எல்.சி.-எம்.எஸ்.-எம்.எஸ். கருவியோ இதற்குத் தேவை.

மூல மாதிரியிலிருந்து புதிதாகச் சிறுநீரை எடுங்கள். முதற்கட்டச் சோதனைக்கு ஊற்றிய கிண்ணத்திலிருந்து எடுக்க வேண்டாம். முதல் செயலாக, தேடும் பொருளிலேயே சில ஹைட்ரஜன் அணுக்களுக்குப் பதிலாக டியூட்டீரியம் என்னும் கனமான ஹைட்ரஜனை ஏற்றிய வடிவத்தை, ஒப்பிடுவதற்கான அகத்தரப் பொருளாக அளவாகச் சேர்க்க வேண்டும்: மார்பினுக்கு மார்பின்-டி3, கஞ்சாவுக்கு அதன் அமிலத்தின் டி9 வடிவம். இனி வரும் ஒவ்வொரு படியிலும் எவ்வளவு இழந்தாலும் இரண்டும் ஒரே விகிதத்தில் இழக்கப்படும் என்பதே கணக்கின் அடிப்படை.

அடுத்தது நீராற்பகுப்பு. மார்பினின் பெரும்பகுதி, கல்லீரல் சேர்க்கும் குளுக்குரோனிக் அமிலத்தோடு பிணைந்து குளுக்குரோனைடாகவே வெளியேறுகிறது. அதைப் பிரித்தெடுக்க வேண்டும். அமிலத்தில் கொதிக்க வைப்பது விரைவான வழி, ஆனால் அது 6-அசிட்டைல்மார்பினையும் மார்பினாக மாற்றிவிடும். ஹெராயினுக்கான ஒரே உறுதியான சான்றை நம் கையாலேயே அழிப்பதாகும். ஆகவே பீட்டா-குளுக்குரோனிடேஸ் நொதியைப் பயன்படுத்துவதே சரி. 6-அசிட்டைல்மார்பினை நீராற்பகுப்பு செய்யாத தனிப் பகுதியிலும் தேடலாம். கஞ்சாவின் அமிலத்துக்குக் காரத்தால் பிரிப்பதே போதும். நொதி சரியாக வேலை செய்ததா என்று அறிய, கட்டுப்பாட்டு மாதிரியில் வெறும் மார்பினைச் சேர்க்காமல் மார்பின்-3-குளுக்குரோனைடைச் சேர்க்க வேண்டும். பல இடங்களில் இது தவறவிடப்படுகிறது. நொதி காலாவதியாகிப் போனாலும் வெறும் மார்பின் கட்டுப்பாடு நல்ல விடையையே காட்டிக்கொண்டிருக்கும்.

பின்னர் திண்மநிலைப் பிரித்தெடுப்பு. காரத்தன்மையுள்ள பொருட்களுக்கு, பாஸ்பேட் தாங்கல் கொண்டு மாதிரியின் பி.எச்.-ஐ 6-க்குக் கொண்டு வந்து, மெத்தனால், நீர், தாங்கல் என்ற வரிசையில் தயார்படுத்திய கலப்புவகைக் குழலில் மெதுவாக, நிமிடத்துக்கு 1 அல்லது 2 மில்லிலிட்டர் வேகத்தில் இறக்க வேண்டும். நீராலும் நீர்த்த அமிலத்தாலும் மெத்தனாலாலும் கழுவி, நன்றாக உலர விட்டு, அம்மோனியா கலந்த கரைப்பானால் பொருளை வெளியே எடுக்கிறோம். அதை நைட்ரஜன் காற்றில் மிதமான வெப்பத்தில் வற்ற வைக்க வேண்டும். ஆம்பெட்டமினுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: அது காரநிலையில் ஆவியாகிப் பறந்துவிடும், எனவே வற்ற வைக்கும் முன் மெத்தனாலில் கரைத்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு துளி சேருங்கள்.

ஜி.சி.-எம்.எஸ். கருவிக்குப் பொருள் எளிதில் ஆவியாக வேண்டும் என்பதால், பி.எஸ்.டி.எஃப்.ஏ. போன்ற வினைப்பொருளைச் சேர்த்து 70 டிகிரி அளவில் சூடாக்கி வழிப்பொருளாக மாற்றுகிறோம். கருவியில் பொருள் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் வெளிவந்து, 70 எலெக்ட்ரான்-வோல்ட் ஆற்றலில் உடைந்து, தனக்கே உரிய துண்டுகளைத் தருகிறது. கஞ்சா அமிலத்தின் வழிப்பொருளான சிலைல் வடிவம் 371, 473, 488 என்ற நிறை எண்களில் தெரியும். வெளிவரும் நேரம் தரப்பொருளோடு 2 விழுக்காட்டுக்குள்ளும், துண்டுகளின் விகிதம் 20 விழுக்காட்டுக்குள்ளும் ஒத்திருந்தால்தான் அது அந்தப் பொருள். இரண்டில் ஒன்று தவறினாலும், எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அறிக்கையில் எழுதக் கூடாது.

கருவியே பொருளை உருவாக்கும் அபாயமும் உண்டு. சூடோஎபெட்ரின் மிகுந்த மாதிரியில், சூடான உட்செலுத்து வாயிலில் சிறிதளவு மெத்தாம்பெட்டமின் உருவாகக்கூடும். உண்மையாக மெத்தாம்பெட்டமின் எடுத்தவரின் உடல் அதில் ஒரு பகுதியை ஆம்பெட்டமினாக மாற்றியிருக்கும். எனவே குறைந்தது 100 நானோகிராம் ஆம்பெட்டமினும் உடன் இருந்தால்தான் மெத்தாம்பெட்டமின் பாசிட்டிவ் என்று அறிவிக்க வேண்டும் என்பது விதியாயிற்று.

எல்.சி.-எம்.எஸ்.-எம்.எஸ். கருவிக்கு வழிப்பொருள் ஆக்கும் வேலை இல்லை. மார்பினுக்கு நிறை எண் 286 உள்ள அயனி உடைந்து 165, 152 ஆக மாறும் இரண்டு மாற்றங்களைப் பார்த்து அவற்றின் விகிதத்தை ஒப்பிடுகிறோம். டாபென்டடால், பியூப்ரினார்ஃபின் போன்றவற்றை ஒரே ஓட்டத்தில் சேர்த்துத் தேட இதுவே சிறந்தது. ஆனால் சிறுநீரின் மற்ற கூறுகள் அயனியாக்கத்தை அடக்கிவிடும். சிலரது சிறுநீரில் உள்ள பொருள் பாதியாகத் தெரியக்கூடும். ஒவ்வொரு பொருளுக்கும் அதனதன் டியூட்டீரியம் வடிவத்தைச் சேர்ப்பதில் செலவைப் பார்க்க வேண்டாம். மிக வலுவான பாசிட்டிவ் மாதிரிக்கு அடுத்து ஒரு வெற்று மாதிரியை ஓட்டி, முந்தையதன் எச்சம் அடுத்தவர் தலையில் விழவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

தொடர் சோதனையின் கணக்கு

சிகிச்சையில் இருப்பவருக்கு வாரந்தோறும் கஞ்சா அளவு பார்க்கும்போது வெறும் நானோகிராமை ஒப்பிடுவது பெருந்தவறு. முதல் வாரம் மில்லிலிட்டருக்கு 120 நானோகிராம், இரண்டாம் வாரம் 150 என்று வந்தால், மறுபடி புகைத்துவிட்டான் என்று வீட்டில் சண்டை மூளும். ஆனால் முதல் மாதிரியின் கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 30 மில்லிகிராமாகவும் இரண்டாவதில் 150-ஆகவும் இருந்தால், கிரியாட்டினின் மில்லிகிராம் ஒன்றுக்குக் கஞ்சா அமிலம் 400 நானோகிராமிலிருந்து 100-க்கு இறங்கியிருக்கிறது. உடல் தன்னிடமிருந்ததை வெளியேற்றிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. இந்த வகுத்தலைச் செய்து, இரண்டு எண்களையும் அறிக்கையில் அருகருகே எழுதுங்கள்.

அறிக்கையும் மீதி மாதிரியும்

முதற்கட்ட முடிவை வெளியிட்டே ஆக வேண்டுமானால், "முதற்கட்டச் சோதனை மட்டும், உறுதி செய்யப்படவில்லை" என்பது முடிவுக்கு இணையான எழுத்தளவில் இருக்க வேண்டும். சோதனை முறை, வரம்பளவு, கிரியாட்டினின், தேடிய பொருட்களின் பட்டியல் ஆகியவையும் வேண்டும். தேடாத பொருளைப் பற்றி அந்த அறிக்கைக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்பது அப்போதுதான் படிப்பவருக்குத் தெரியும். கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங்கு என்ற பானத்தை அருந்தியவருக்கும் கஞ்சா பாசிட்டிவ் வரும் என்பதை மருத்துவர் நினைவில் கொள்ள வேண்டும். பூவும் கனியும் சேராத இலை 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கஞ்சா வரையறைக்குள் வருவதில்லை என்றாலும், சிறுநீர் அந்த வேறுபாட்டை அறியாது.

உறுதியான பாசிட்டிவ் மாதிரியையும் திறக்காத இரண்டாவது குப்பியையும் மைனஸ் 20 டிகிரியில், குறைந்தது ஓர் ஆண்டு, பூட்டிய உறைபெட்டியில் வைத்திருங்கள். கொடுத்தவர் மறுத்தால், அந்த இரண்டாவது குப்பியை வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்ப அவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும். அந்த மறுசோதனையில் வரம்பளவைக் கேட்கக் கூடாது. உறைந்து கிடந்த மாதங்களில் அளவு குறைந்திருக்கக்கூடும், கஞ்சா அமிலம் குப்பியின் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பொருள் அங்கே ஐயமறத் தெரிகிறதா என்பது மட்டுமே அங்கு கேட்க வேண்டிய கேள்வி.